பீமனுக்காகச் சாப்பிட்டவன்

என் அக்காவைக் கடலூர் முதுநகரில் கட்டிக்கொடுத்ததில் எனக்குக் கிடைத்த லாபம் மாமா. அக்காவுக்கு என்ன லாபம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். மாமனார் வீடு என்று சிதம்பரம் வருவார். வந்து பையை வைத்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு இட்லி கொத்சு சாப்பிடக் கிளம்பிவிடுவார். நான் கடலூர் போனால் மஞ்சக்குப்பத்தில் அடை, திருப்பாதிரிப்புலியூரில் ஜாங்கிரி. சில ஓட்டல்களில் நாங்கள் உட்கார்ந்ததுமே சட்னி வாளியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சுகர் வந்தால் என்ன ஆகும்? வந்தது. டாக்டர் கிட்னி என்றொரு வார்த்தையைச் சொல்ல, அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் கோதுமை ரவையும் வெந்தயமும் ஆட்சிக்கு வந்தன. மாமா அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அவர் பயந்ததெல்லாம் பீமன் வேஷம் போய்விடுமே என்றுதான்.

அவர்கள் தெரு திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் கூத்து உண்டு. ஆடுகிறவர்கள் வெளியூர்க் குழு, ஜமா என்பார்கள். பகாசுரன் கதையன்று மட்டும் பீமன் உள்ளூர் ஆள், பல வருஷமாக அது மாமாதான். அவன் சோற்று வண்டியில் ஏறித் தெருவைச் சுற்றி வருவான். ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது கொடுப்பார்கள். அதில் ஒரு வாயாவது அவன் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது. மீதியெல்லாம் வண்டியில் ஏறும், கடைசியில் கோயில் திடலில் அசுரனோடு சண்டை. பீமனுக்குச் சுகர் என்று தெரிந்தால் நாட்டாமை வேஷத்தைப் பிடுங்கி அரிசி மண்டிக்காரருக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஆள் ரொம்ப நாளாகத் தன் தொந்தியைத் தடவிக்கொண்டு காத்திருக்கிறார்.

"அதுவும் போச்சுன்னா நான் எதுக்குடா மச்சான் உசுரோட இருக்கணும்?" என்றார் மாமா.

"அத்தினி வூட்டு சோத்தயும் தின்னுப்புட்டு இருந்துடுவீங்களாக்கும்?" என்றாள் அக்கா.

யோசனை என்னுடையது. பீமன் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் வைக்கோலைக் குவிப்பது, அதற்குள் நான் ஒளிந்துகொள்வது. மாமா கவளத்தை வாய்வரை கொண்டுபோய், மீசையை முறுக்கும் சாக்கில் திரும்பி, பின்னால் நீட்டுவார். நான் வாங்கி உள்ளே தள்ளுவேன். அக்கா என் தலையில் கை வைத்தாள். "ஒரு பருக்க அவுரு வாயில போவக்கூடாது. எல்லாத்தையும் நீயே தின்னு." வாழ்க்கையில் எனக்கு இப்படி ஒரு உத்தரவு கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அன்று காலை மாமா சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முகத்தில் வர்ணம் பூச உட்கார்ந்தார். பூசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பூச்சு கலையும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாட்டு வண்டி கிடைக்காததால் ஒரு மினி லாரி. முன்னால் கூத்துக் கட்டியக்காரன் மைக்கோடு நடந்தான். "பீமசேன மகாராஜா இப்பொழுது நூடுல்ஸ் புசிக்கிறார்!" என்றான். அது அப்படியே பின்னால் வந்தது, நான் புசித்தேன். அடுத்து சாம்பார் சாதம். அடுத்து யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக். அப்புறம் பரோட்டாவும் சால்னாவும்; சைவ சால்னாதான் என்று அந்த வீட்டம்மா அம்மன்மேல் சத்தியம் செய்தாள். பண்ருட்டிச் சம்பந்தி வீட்டிலிருந்து முழுப் பலாப்பழத்தையே வெட்டிக்கொண்டு வந்தார்கள். வைக்கோல் முதுகில் அரிக்கிறது, வயிறு கழுத்துவரை வந்துவிட்டது, கை மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. ஐயோ, போதும் மாமா என்று கெஞ்சினேன். மேளத்தில் யாருக்குக் கேட்கும்?

ஒரு வீட்டில் தட்டு நிறைய ஜாங்கிரி கொடுத்தார்கள். பின்னால் வந்த கை நடுங்கியது. ஆகா, அசுரனை நினைத்து ரௌத்திரம் காட்டுகிறார் என்று நினைத்து ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டேன். மாமா அப்படியும் இப்படியும் ஆடினார். சனம் விசிலடித்தது. வேர்வையில் கரைந்த சிவப்புச் சாயம் என்மேல் சொட்டியது. கதாயுதம் நழுவி என் மண்டையில் விழுந்தது.

"மச்சான்… கண்ணு இருட்டுதுடா."

வாய் நிறைய ஜாங்கிரியோடு நான் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு எழுந்தேன். "யேய், அசுரன் வண்டிக்குள்ளயே இருக்கான்டா!" என்று ஒருவன் கத்த, ஒரு பெண்மணி துடைப்பத்தால் என்னைச் சாத்தினாள். நல்லவேளை, வண்டி அக்கா வீட்டை நெருங்கியிருந்தது. நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக ஓடி வந்து அக்கா வண்டியில் ஏறினாள்.

"காலையிலேருந்து என்னடா சாப்ட்டாரு?"

"ஒண்ணும் சாப்புடலக்கா. எல்லாம் நாந்தான்."

"அடப்பாவி! வெறும் வயித்துல மாத்திரையா? சுகர் எறங்கிடுச்சுடா!"

பக்கத்தில் கட்டியக்காரனின் மைக். தெரு முழுக்கக் கேட்டது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. தட்டிலிருந்து ஒரு ஜாங்கிரியைப் பிய்த்து, "வாயத் தொறங்க, ஐயோ, தொறங்களேன்" என்று ஊட்டினாள். கட்டியக்காரன் லேசுப்பட்டவனா? "பாஞ்சாலி வந்துட்டா! பீமனுக்குப் பாஞ்சாலி ஊட்டுறா!" என்று பாடவே ஆரம்பித்துவிட்டான். நைட்டி போட்ட என் அக்காவுக்குச் சூடம் காட்டினார்கள். இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள்.

அரிசி மண்டிக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சுகர்காரன் எப்டிங்க பீமன் கட்டலாம்? எறங்கச் சொல்லுங்க."

அக்கா மைக்கைப் பிடுங்கினாள். "ஏறுங்கண்ணே, நீங்களே ஏறுங்க. ஒங்க சுகர் எம்மாம் இருக்குன்னு ஒங்க வூட்டம்மா எங்கிட்டதான வந்து அழுவுறாங்க!"

தெரு சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். நாட்டாமை தன் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, "பாஞ்சாலி ஊட்டுன ஒரு வாயே எல்லா வூட்டுக்கும் போதும், கணக்கு சரி. வண்டிய எடுங்கப்பா" என்றார்.

மாமாவுக்கு மெல்லத் தெளிந்தது. தன்னைச் சுற்றி எரிகிற சூடத்தைப் பார்த்தார், அழுதுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு பீமனும் வாணாம், ஒண்ணும் வாணாம். நீ இருந்தா போதும்யா" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"நீ சாப்ட்டியா?" என்றார் மாமா.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து பட்டினியாம்.

மாமாவின் கை ஜாங்கிரித் தட்டுக்குப் போனது. திருந்தவே மாட்டார் என்று நான் பாய்ந்து தடுக்கப் போனேன். அவர் அதை எடுத்து அக்காவின் வாயில் வைத்தார்.