நான் மேடையில் வரவழைத்த இயந்திரம்

கல்லூரியில் எனக்குப் பேச்சு பயிற்றுவித்தவர் ஒரு விதி வைத்திருந்தார். இல்லாத பொருளைப் பற்றிப் பேசினால் அதன் நிறத்தையும் எடையையும் சொல்லிவிட வேண்டும். மிச்சத்தைக் கேட்பவர் தாமே பார்த்துக்கொள்வார். அந்த விதியை என்னளவுக்குக் கையாண்டவர் கூடலூர் வட்டாரத்தில் அப்போது எவருமில்லை என்று இன்றும் கூசாமல் சொல்வேன்.

ஊட்டியில் நடந்த சொற்போரில், நாளைய இயந்திரம் உழைப்பவருக்கு வரமே என்ற அணியில் நின்றேன். தேயிலைத் தோட்டத்தில் தானே நடந்துபோய்க் கொழுந்து பறிக்கும் ஓர் இயந்திரத்தைப் பேசியே உண்டாக்கினேன். ஈயத்தின் நிறம், ஒரு கன்றுக்குட்டியின் எடை. செடிக்குச் செடி சிலந்தியைப் போல் கால் எடுத்து வைக்கும். முற்றிய இலையை ஒதுக்கி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று அதன் கண் அறியும். மழையில் வழுக்காது, அதற்கு முதுகு என்று ஒன்று இல்லாததால் வலிக்காது. அப்படிப்பட்ட ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. என்றாவது வரக்கூடும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. முதற்பரிசு எனக்குக் கிடைத்தது.

எங்கள் எஸ்டேட் பந்தலூருக்கு அப்பால். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அடுத்த வீட்டில் சின்னம்மா, என் அம்மாவின் தங்கை, கணவரை இழந்தவர், மகளோடு இருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள்; அந்த லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். சின்னம்மாவின் பெயர் எஸ்டேட் பதிவேட்டில் இருக்கும்வரை வீடு அவர்களுடையது. வீடு இருக்கும்வரைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

மாரியம்மன் திருவிழாவில், ஊட்டியில் பேசியதை இங்கேயும் பேசு என்று இளைஞர்கள் கேட்டார்கள். மறுக்கத் தோன்றவில்லை. மேடையிலேயே நாற்காலி போட்டுத் துரையை உட்கார வைத்திருந்தார்கள். எஸ்டேட் மேலாளரை எங்கள் மக்கள் அப்படித்தான் அழைப்பார்கள். நான் ஊட்டியில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். துரை இடையிடையே தலையசைத்தார். முடிந்ததும் எழுந்து முதலில் கைதட்டியவரும் அவரே. எனக்குச் சால்வை போர்த்தியவரும் அவரே. எதிரே தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் மிகவும் அமைதியாக இருந்தார்கள். என் சொல்லில் கட்டுண்ட அமைதி அது என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கேதான் பிழை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் எதையும் யோசனையாகச் சொல்வதில்லை. வேறொருவர் சொல்ல, துரை பக்கத்தில் இருந்து தலையசைத்தால் அது முடிவாகிவிட்ட காரியம். அந்த மக்களில் ஒருவனாக வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. மேடையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மாலை சின்னம்மாவின் மகள், என் தங்கை, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அம்மா பேர வெட்டச் சொல்லி எழுதிக் குடுக்கப் போறாங்களாம். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ரெண்டு பேரும் போறோமாம். அந்த மிசினு நெசமாவே வருதா?"

"வராது."

"அன்னிக்கி வருதுன்னீங்க."

மறுநாள் நண்பகலில், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சென்றேன். எந்த அணிக்கும் பேசப் பழகியவன் நான். அந்த இயந்திரம் ஏன் இப்போது வர முடியாது என்பதை ஐந்து காரணங்களோடு எடுத்து வைத்தேன். சரிவில் நிற்காது, விலை கட்டாது, பழுது பார்க்க ஆளில்லை. பெண்கள் கூடையை இறக்காமலே கேட்டார்கள்.

"ஏய்யா, அட்டை கடிச்சா அந்த மிசினு என்னா பண்ணும்? சுண்ணாம்பு தடவிக்குமா?" என்றார் ஒருவர்.

"அதுக்குப் பேறுகால லீவு கெடையாதுடி. அதான் தொரைக்குப் புடிச்சிருக்கு" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை.

"ராசா, நீ அன்னிக்கிச் சொன்னப்ப மொகம் எப்படி இருந்துச்சு! இன்னிக்கி எங்களுக்காகப் பொய் சொல்றே. ஒம் மொகத்துலயே தெரியுது."

என் வாழ்நாளில் என்னை நம்பாத அவையை நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

துரையிடம் போனேன். நல்ல மனிதர், கேட்டதும் சிரித்துவிட்டார். "என்னங்க தம்பி, உங்க பேச்ச நம்பி ஊரே கெளம்பிருமாட்ட இருக்குதே! இருங்க, நானே சொல்லீர்றேன்" என்றார். சொன்னபடியே மறுநாள் காலை, மூடுபனிக்குள் குடை பிடித்துக்கொண்டு, பெரட்டுக்களத்தில் வந்து நின்றார். அப்படி ஓர் இயந்திரம் இல்லை, ஒருவரையும் நிறுத்தப் போவதில்லை, அச்சப்பட வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். நான் சொல்லியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று மாலை சின்னம்மா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தொரையே சொன்னாரே, சின்னம்மா."

"அதுனாலதான்யா போறேன். அங்க சிலோன்ல எங்கப்பாகிட்டயும் இதே மாதிரிதான் ஒரு தொரை வந்து சொன்னாரு. ஒருத்தரையும் அனுப்ப மாட்டோம், பயப்படாதீங்கன்னு. கேக்காமலே வந்து பயப்படாதேன்னு எவன் சொல்லுவான்? கொஞ்ச நாள்ல அனுப்புற லிஸ்ட்டுல பேரு வந்துருச்சு. மொதக் கப்பல்ல வந்தவுங்களுக்கு வேலை கெடச்சுச்சு. நாங்க நம்பிக்கிட்டு இருந்துட்டுக் கடைசியில வந்தோம். எத்தன வருசம் எடம் இல்லாம அலைஞ்சோம்னு ஒங்கம்மாவக் கேளு. இந்த வாட்டி நான் மொத ஆளாப் போயிருவேன்."

"அவ பரீட்ச மட்டும் முடியட்டும். மூணே மாசம்."

"மூணு மாசத்துல கம்பெனி நெறஞ்சிரும்யா."

எதிர்வாதத்தின் பலவீனமான கண்ணியைத் தேடிப் பிடித்து அறுப்பதே எங்கள் கலை. சின்னம்மாவின் வாதத்தில் அப்படி ஒரு கண்ணி இல்லை. ஒவ்வொன்றும் அவர் பட்டது. என் வாதமோ இல்லாத ஒன்று இல்லை என்பது. அதற்கு எதைக் கொண்டு சான்று காட்டுவது? நான் எதைச் சொன்னாலும் அது அந்த இயந்திரத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தது. அம்மா அழுதார், அதையும் சின்னம்மா சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமைக் காலைப் பேருந்துக்கு இரண்டு பெட்டிகளையும் நானே தூக்கினேன். தங்கை பேருந்தில் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "வேதியியல் நோட்டு ஒங்க வீட்டுல இருக்குண்ணே. யாருக்காவது வேணும்னா குடுத்துருங்க" என்றாள். சின்னம்மா வீட்டுச் சாவியை என் கையில் திணித்து, ஆபீஸில் கொடுத்துவிடச் சொன்னார். பேருந்து தேவாலா பக்கம் திரும்பி மறைந்தது.

ஆபீஸ் எழுத்தர் சாவியை வாங்கிக்கொண்டு, பெயரை வெட்டச் சொல்லிச் சின்னம்மா கொடுத்திருந்த கடிதத்தைத் தேடி எடுத்தார். சாவி ஒப்படைத்த விவரத்தை அதன் அடியில் குறிக்க வேண்டுமாம். கீழே சின்னம்மாவின் கைநாட்டு. மேலே முழுவதும் தங்கையின் கையெழுத்து: குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், தேர்வுத்தாளில் எழுதுவதைப் போல ஓரம் விட்டு எழுதியிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்குதுங்க அந்தப் புள்ள. என்ன படிக்குது?" என்றார் எழுத்தர்.

அவர் சாவியை ஆணியில் மாட்டினார்.