ஜன்னலின் அடியில் மூன்று ஓட்டைகள்

என் மனைவி எனக்கு மாமன் மகள். கல்யாணமாகியும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். 2010-இல் நாங்கள் கடலூரில், கடலுக்குக் கிட்டத்தில், ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அவள் சிதம்பரத்தில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. பிச்சாவரத்தில் படகில் போய்ப் பறித்த இலைகளைப் பேப்பருக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, ஹால் ஜன்னலுக்குக் கீழே ஷெல்ஃபில் அடுக்கியிருந்தாள். நான்கு வருஷ உழைப்பு. வீட்டில் வேறு இடம் கிடையாது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் ஆராய்ச்சி போச்சு.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஜன்னலின் அலுமினிய ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் கசிந்தது. ஆள் அனுப்புகிறேன் என்று ஹவுஸ் ஓனர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் உடனே எதையாவது செய்தாக வேண்டும். கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் ட்யூபும், அதை மாட்டி அழுத்தும் கன்னும் வாங்கினேன்.

"சார், மொதல்ல ட்யூபு மேல எழுதியிருக்கறத ஒரு தடவ படிச்சிடுங்க" என்றார் கடைக்காரர். பசை தடவுவதற்குப் படிப்பு வேறா என்று நினைத்துக்கொண்டேன்.

ட்யூபின் மூக்கைத் தாராளமாக வெட்டினேன். விசையை அழுத்தினால் பசை நிற்காமல் வந்தது. சுவரிலும் ஃபிரேமிலும் போனது போக, மிச்சம் என் முழங்கையில். மொட்டைமாடிப் பக்கம் போய் வெளியிலும் பூசினேன். அங்கே ஃபிரேமின் அடியில் மூன்று சின்ன ஓட்டைகள் இருந்தன. தண்ணீர் வரும் திருட்டு வழியைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் அவற்றையும் சேர்த்து அடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. அவள் தன் பேராசிரியரைப் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தாள். சுவரோரம் ஒரு சொட்டுக் கசியவில்லை. டீயை வைத்துக்கொண்டு என் வேலையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், கண்ணாடிக் கதவு ஓடும் தடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்பக்கம் வழிந்தது. அட்டைக் கட்டுகளை வாரிக் கட்டிலில் போட்டேன். மேல் கட்டைச் சுற்றியிருந்த பேப்பர் நனைந்திருந்தது. பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி வந்தவள் ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிப் பார்த்தாள். "இலைல ஈரம் படல மாமா" என்றாள். பிறகு மொட்டைமாடிப் பக்கம் போனாள்.

"இந்த ஓட்டைங்கள யாரு அடச்சது?"

"நான்தான். மழ உள்ள வந்துடக் கூடாதுன்னு."

"மழ வர்றதுக்கு இல்ல மாமா அது. உள்ள வந்த தண்ணி வெளிய போறதுக்கு."

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் குத்தினாள். மூன்று ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பின்னைத் துடைத்துத் திரும்பத் தலையில் செருகிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் வெயில் அடித்தது. ட்யூபில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்தாள். நான் பூசியதை பிளேடால் சுரண்டி எடுத்து, துடைத்து, மத்தியானம் வரை காயவிட்டாள். இடுக்கின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினாள். இடுக்கின் அகலத்துக்குத் தகுந்த மாதிரி, நான் வாங்கி வந்த புது ட்யூபின் மூக்கைச் சாய்வாக, சன்னமாக வெட்டினாள். சொந்தக்காரர் கல்யாணங்களில் மருதாணி கோன் போட்ட கை அது. மூலையில் ஆரம்பித்து அடுத்த மூலை வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து மேலே ஒரு தடவு. பசை இறுகுவதற்குள் டேப்பை உரித்தாள்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் கைய வெக்காதீங்க" என்றாள்.

கை வைக்கவில்லை. ஆனால் நாலைந்து தடவை போய்ப் பார்த்தேன். எங்கேயும் தடிக்காமல், திக்காமல் ஒரு வெள்ளைக் கோடு. இவள் எனக்கு வாய்த்தாளே என்று மனசு நிறைந்துபோயிற்று.

அடுத்த வருஷம் அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடலோர வீடுன்னு சொல்றீங்க, ஒரு புள்ளி பூஞ்சை இல்லையேம்மா. எப்படி?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் ஜன்னல அடச்சிக் குடுத்தாரு சார்" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலை அடைத்தவன் நான்தான், அதில் பொய்யில்லை. எதையெல்லாம் அடைத்தேன் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்க்க முடியாமல், கையிலிருந்த அவளுடைய குடையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.