ஈஸ்வரியின் ‘இந்தா’

மல்லாங்கிணற்றில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. ஈஸ்வரியின் தம்பி. “எங்கக்கா போயிருச்சுக்கா” என்றான். பல மாதங்களாக மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவள்தான். எதிர்பார்த்த சேதிதானே என்றார்கள் பலரும். நான் எதிர்பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்துவிடுவாள் என்றே நினைத்திருந்தேன்.

அருப்புக்கோட்டைப் பள்ளி மைதானத்தில் எங்களோடு ஓடிய உங்களுக்கு அவளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல நாட்டுப் பிள்ளைகள் கூடும் இளையோர் கோடை விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் மைதானத்திலிருந்து போன ஒரே ஆள் அவள். நெசவாளர் வீட்டுப் பெண். வாய் ஓயாது. கோபம் வந்தால் தெலுங்கு, சமாதானமானால் தமிழ்.

பள்ளி ரிலேயில் அவள் மூன்றாவது, நான் கடைசி. பேட்டனைக் கொடுக்கும்போது, முன்னால் ஓடுபவள் கையை நீட்டுவதற்காக, எல்லோரும் ‘ஸ்டிக்’ என்று கத்துவோம். அவள் மட்டும் ‘இந்தா’ என்பாள். மாஸ்டர் திட்டினார். “கையில ஒண்ணக் குடுக்கும்போது வேற எப்பிடி சார் சொல்றது? எங்க வீட்டுத் தெலுங்குலயும் இந்தாதான், இவ வீட்டுத் தமிழ்லயும் இந்தாதான்” என்று வாயடித்துவிட்டு, தண்டனையாக ஒரு சுற்று கூடுதலாக ஓடினாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பேட்டன் வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பேன். வேகம் செத்துவிடும். “அடியே வள்ளி, திரும்பாத. கைய மட்டும் நீட்டு. நான் வந்துருவேன்ல” என்பாள். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

அந்தப் பெரிய போட்டியில் அவளைக் கலப்பு ரிலேயில் போட்டார்கள். நாலு நாட்டுப் பெண்கள், ஒரே அணி. பொதுவாக ஒரு பாஷை கிடையாது. இவள் பேட்டன் கொடுக்க வேண்டியது பிரேசிலிலிருந்து வந்த லூசியாவுக்கு. ‘ஸ்டிக்’ என்று கூப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. பயிற்சியில், பழக்க தோஷத்தில் இவள் ‘இந்தா’ என்று கத்த, லூசியா திகைத்துத் திரும்ப, பேட்டன் தரையில் உருண்டது. மறுபடியும் அதே கதை. எனக்குப் போன் போட்டு அழுதாள். “என்னால அந்தப் பிள்ளைகளும் தோக்கப் போகுதுக வள்ளி. வாய் சொன்ன பேச்சக் கேக்கமாட்டேங்குது.”

வழி சொன்னது லூசியாதான். எல்லா லேனிலும் ‘ஸ்டிக்’ என்றே கத்துகிறார்கள், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று புரியவில்லை, உன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது, அதையே சொல் என்று அரைகுறை இங்கிலீஷிலும் கைச்சாடையிலும் விளக்கினாளாம். ஓட்டத்தன்று ஈஸ்வரி அடித்தொண்டையிலிருந்து ‘இந்தா’ என்று கத்தினாள். லூசியா திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் வந்து விரிந்தது.

நாலாவதாக வந்தார்கள். ஊரில் மெடல் எங்கே என்று கேட்டவர்களிடம் எல்லாம், “மெடல் இல்ல. ஆனா பேட்டன் கீழ விழல” என்று சிரித்தாள். பிறகு எதற்கும் அதையேதான் சொன்னாள். வீட்டில் தறி நின்றபோதும் சொன்னாள், வைத்தியம் பலிக்காதபோதும் சொன்னாள்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். உரிக்கத் தெம்பில்லை, என்னை உரிக்கச் சொன்னாள். பாதிச் சுளைகளை எடுத்து என் பக்கமே நீட்டி, “இந்தா” என்றாள். நோயாளிக்கு வாங்கிப் போனதை நானே தின்றுவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த அன்று, நான் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, தம்பி பின்னாலிருந்து, “அக்கா, அந்த லூசியாக்கா பேசி அனுப்பியிருக்கு” என்று போனை ஓடவிட்டான். இவன்தான் சேதி சொல்லியிருந்தான். அழுகையோடு லூசியா தன் பாஷையில் ஏதேதோ சொன்னாள். ஒன்றும் விளங்கவில்லை. முடிவில் மட்டும் தெளிவாக, “இந்தா, ஈஸ்வரி. இந்தா.”

நான் திரும்பவில்லை. என் வலது கை தானாகப் பின்னால் போய் விரிந்தது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டும் பழக்கம். நீட்டியபடியே இருக்கிறேன், ஈஸ்வரி. கைதான் வெறுங்கையாக இருக்கிறது.