ஜெனரேட்டரில் ஓடிய எக்கோ

பழைய ஸ்டூடியோ கருவிகளின் ஒலியை அப்படியே கம்ப்யூட்டரில் கொண்டுவரும் சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. திருக்கோகர்ணத்தில் எங்கள் மாடி அறைதான் ஆபீஸ்.

கட்டுமாவடியில் இன்னிசைக் குழுவில் பாடும் ஜெயராணி அக்காவிடம், டேப் சுழன்று எதிரொலி தரும் எக்கோ மெஷின் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து மாதக்கணக்கில் அளந்து சாஃப்ட்வேர் ஆக்கினேன். மெஷின், சாஃப்ட்வேர் இரண்டின் ஒலி கிராஃபும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின.

அக்காவை வரவழைத்து, சாஃப்ட்வேர் எக்கோவில் பாடச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க மெஷின் மாதிரி இல்ல."

"என்னக்கா வித்தியாசம்?"

"சொல்லத் தெரியலப்பா."

எனக்குச் சுருக்கென்றது. கிராஃபைக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தார்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்க, அவர் பாடிய திருவிழாவுக்கே போனேன். மேடைக்கு ஜெனரேட்டர் கரண்ட். பாட்டின் நடுவே யாரோ சீரியல் லைட்டைப் போட, ஜெனரேட்டர் திணறியது. மெஷினின் மோட்டார் சோர்ந்து, எதிரொலி லேசாக இழுத்துக்கொண்டு கீழிறங்கியது. அக்கா தன்னையறியாமல் கடைசிச் சொல்லை நீட்டி அதற்காகக் காத்திருந்தார்.

நான் யுபிஎஸ்ஸில் வைத்து அளந்திருந்தேன். அவ்வளவு சீரான கரண்டை அந்த மெஷின் பார்த்ததே இல்லை.

கரண்ட் திணறுவதுபோல எதிரொலியை இழுக்க, சாஃப்ட்வேரில் 'ஜெனரேட்டர்' என்று ஒரு குமிழைச் சேர்த்து, அக்காவை மறுபடி பாட வைத்தேன். சொல்லாமல் அதைத் திருப்பினேன். கடைசிச் சொல்லை நீட்டி முடித்தவர், ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சீரியல் லைட்டப் போட்டுட்டாங்களா தம்பி?"

வெளியே உச்சி வெயில்.

இப்போதெல்லாம் யாராவது 'என்னமோ குறையுது' என்றால் நான் கிராஃபைக் காட்டுவதில்லை. மெஷின் எங்கே ஓடியது என்று கேட்கிறேன்.