மேகவீரனின் முப்பத்து நான்கு குறைகள்

என் பெரியப்பா மகன் செய்த வீடியோ கேமில் மொத்தம் முப்பத்து நான்கு குறைகள் இருந்தன. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அவற்றைக் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியவள் நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. ராஜபாளையத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்க அதைவிடத் தோதான வயது கிடையாது.

அண்ணன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டு மாடி அறையில் இரண்டு வருடமாக அந்த கேமைச் செய்துகொண்டிருந்தான். கேம் செய்கிறான் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். விளையாடுவதற்கும் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. யாராவது விசாரித்தால் பெரியம்மா, "அவன் பொம்மைப் படம் மாதிரி என்னமோ செய்யுதான்" என்று சொல்லிவிட்டு, காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவார். பெரியப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனோ மாடியை விட்டு இறங்குவதாக இல்லை.

அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது பெரியப்பாவைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அவர்கள் இருவரும் கீழே பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் நேராக மாடிக்கு ஓடுவேன்.

அந்த கேமின் நாயகன் பெயர் மேகவீரன். பகலில் நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன். ஊருக்கு ஆபத்து என்றால் தோளில் கிடக்கிற சிவப்புத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். எதிரிகள், ஊரின் மின்சாரத்தையெல்லாம் தின்று தீர்க்கும் இரும்புப் பூதங்கள். எங்கள் ஊர்க் கரண்டு கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை மின்வாரியம்கூடச் சொன்னதில்லை.

அண்ணன் என்னிடம் அந்த நோட்டைக் கொடுத்து, "இடப்பக்கம் என்னெல்லாம் நல்லாருக்குன்னு எழுது. வலப்பக்கம் என்னெல்லாம் நல்லால்லன்னு எழுது. அண்ணன் வருத்தப்படுவேன்னு மறைக்கக் கூடாது, கேட்டியா?" என்றான். ஒவ்வொரு இடப்பக்கத்திலும் 'பலம்' என்றும் வலப்பக்கத்தில் 'பலவீனம்' என்றும் அவனே அழகாகத் தலைப்புப் போட்டு வைத்திருந்தான்.

வலப்பக்கம் மளமளவென்று நிறைந்தது. சுவரை ஒட்டிச் சண்டை போட்டால் மேகவீரனின் பின்னந்தலை தவிர வேறொன்றும் தெரியாது. பொத்தானை அமுக்கி, மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் குத்து விழும். பூதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். ஒரு பூதம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்த இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும். அந்தரத்தில் தொங்கும் பஸ்ஸைத் தூக்கினால் பஸ் வரும், உள்ளே இருக்கிற ஜனங்கள் தரை வழியாகக் கீழே கொட்டிவிடுவார்கள். ஒரு கட்டத்தை முழுதாக முடித்தால்தான் ஆட்டம் பதிவாகும். நடுவில் நிஜக் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். சண்டையும் ஒரே மாதிரிதான், இரண்டு குத்து ஒரு உதை, இரண்டு குத்து ஒரு உதை. பத்தாவது பூதத்துக்குமேல் எனக்குக் கொட்டாவி வந்தது. அதையும் எழுதினேன். அண்ணன் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, "சரியா பிடிச்சிட்டியே ஏட்டி" என்று சந்தோஷப்பட்டான். நான் இன்னும் உற்சாகமாகக் குறை தேடினேன்.

இடப்பக்கம் மட்டும் ஒரு எழுத்துகூட இல்லாமல் இருந்தது. நல்லது ஒன்றும் இல்லை என்பதால் அல்ல. மேகவீரன் பறப்பதைப் போல ஒன்றை நான் அதுவரை எந்த கேமிலும் பார்த்ததில்லை. முழங்காலை மடக்குவான், காலடியில் புழுதி சுழலும், துண்டு ஒரு தடவை படபடக்கும், அவ்வளவுதான், ஊர் காலுக்குக் கீழே போய்விடும். ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஒட்டவைத்து ஒரே ஊராகச் செய்திருந்தான் அண்ணன். மேலே போகப்போக பஸ் ஹாரன், மில் சங்கு எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கி, காற்று மட்டும் கேட்கும். மேற்கே மலை வரும். திரும்பினால் எங்கள் தெரு. எங்கள் வீட்டு மாடியை நீலத் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியுமாக அப்படியே செய்து வைத்திருந்தான், எனக்காகவே. பூதங்கள் ஊரைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று நான் அந்த மாடியில் போய் மேகவீரனை உட்கார வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தேன் என்று கணக்கே இல்லை.

இதை ஏன் எழுதவில்லை என்றால், அதற்கு எங்கள் வீட்டு வழக்கம் காரணம். எங்கள் வீட்டில் எதையும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விளைச்சல் அமோகமாக இருந்தால், "ஏதோ கெடக்கு" என்பார்கள். குழம்பு ருசியாக இருந்தால், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை ஊற்றிக்கொள்வார்கள். அதற்கு முந்தின வருடம் அத்தை குழந்தையைப் பார்த்து, "ஐயோ, எம்புட்டு அழகா, குண்டா இருக்கு" என்று நான் சொல்லித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒன் வாயைத் தைக்கணும். இனிமே ஒண்ணை நல்லாருக்குன்னு சொல்லிப் பாரு" என்றார். என் வாய்க்கு அப்படியொரு சக்தி இருப்பதாக நான் முழுசாக நம்பிவிட்டேன். மேகவீரன் பறப்பது நன்றாக இருக்கிறது என்று எழுதி, மறுநாள் கம்ப்யூட்டர் புகைந்துவிட்டால்? அண்ணன் ஒரு நாள் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இங்க ஒண்ணும் எழுதலையே?" என்று கேட்டான். "பொறவு எழுதுதேன் அண்ணே" என்றேன். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த ஆடியில் சென்னையில் கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. கேமை நேரில் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். பிடித்திருந்தால் அங்கேயே வேலை கற்றுக்கொள்ளலாம். அவர்கள் சொன்ன நாளும், பெரியப்பா விண்ணப்பம் போட்டு வைத்திருந்த போலீஸ் உடல்தகுதித் தேர்வும் ஒரே நாளில் வந்து விழுந்தன. அண்ணன் பெரியப்பாவிடம் போய் நின்றான். பெரியப்பா, "தேர் முடியட்டும், சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆடிப்பூரத் தேர் என்றால் சுற்றுவட்டாரத்துச் சொந்தம் முழுக்கப் பெரியப்பா வீட்டில்தான் வந்து இறங்கும். அன்றும் இறங்கியது. தேர் நிலைக்கு வந்து, பந்தி முடிந்து, எல்லோரும் கிடைத்த இடத்தில் துண்டை விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். அண்ணன் தெருமுனை மோர்ப் பந்தலைப் பிரிக்க உதவிக்குப் போயிருந்தான். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அவன் கேமைப் பத்தி நீ என்னமோ எழுதி வச்சிருக்கியாமே. அதைக் கொண்டா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாடிக்கு ஓடி நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் புகார் மனு படிப்பதைப் போல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து முப்பத்து நான்கையும் படித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, இடப்பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இந்தப் பக்கம் ஏன் ஒண்ணும் எழுதல?"

நான் அம்மாவைத் தேடினேன். அம்மா அடுப்படியில் இருந்தார். பெரியப்பாவுக்குக் கண்திருஷ்டியிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சொன்னால் அத்தனை பேர் நடுவில் என்னைக் கேலி செய்வார். அதனால், "எழுதுறதுக்கு ஒண்ணுமில்ல பெரியப்பா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, மெதுவாக, "ஒண்ணுகூடவா இல்ல? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார்.

நான் உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். கேமைக் காப்பாற்றிவிட்டதாக மனசுக்குள் ஒரு நிம்மதி வேறு. பெரியப்பா நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டார்.

அண்ணன் திரும்பி வந்ததும் பெரியப்பா, "போலீஸ் செலக்‌ஷனுக்கே போலே" என்றார். அண்ணன் எதிர்த்துத்தான் பேசினான். "குறையெல்லாம் எல்லா கேம்லயும் இருக்கும்ப்பா. ஒக்காந்தா சரி பண்ணிரலாம்." அதற்குப் பெரியப்பா, "சரி பண்ணிரலாம்லே. நல்லதுன்னு ஒண்ணாச்சும் இருக்கணும்லா? ஒன்கூட விளையாடுத பிள்ளையே இல்லங்குதா" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவன் கோபப்படவில்லை. தனக்கும் அந்தச் சந்தேகம் முன்பே இருந்ததைப் போல, சரி என்று தலையை அசைத்துவிட்டு மாடிக்குப் போனான்.

அண்ணன் எஸ்.ஐ. ஆகவில்லை, அடுத்த வருடம் காவலராகத் தேர்வாகி, இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறான். சொந்தத்தில் யார் கல்யாணத்துக்காவது வந்தால் என் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். ஒரு தடவை, மேகவீரன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். "அந்தக் கம்ப்யூட்டரோட போயிட்டான்" என்று சிரித்தான். நான் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அது தப்பு. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

பெரியப்பா காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, பெரியம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். தேருக்கு முந்தின நாள் அண்ணன் கேமைத் திறந்து வைத்துவிட்டு எங்கோ போயிருந்தபோது, பெரியப்பா மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் தனியாக விளையாடிப் பார்த்தாராம். "அவிய எம்புட்டு அமுக்கியும் அந்த ஆளு குதிக்கத்தான் செஞ்சானாம், பறக்கவே இல்லயாம். கீழ வந்து, 'எனக்கு இதுல ஒண்ணும் விளங்கலட்டி, சின்னவன் மக சொல்லட்டும், அவ நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா மெட்ராசுக்கே அனுப்பிருவோம்'னு சொன்னாவ" என்றார்.

பறப்பதற்குப் பொத்தானை அமுக்கி விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை அந்த கேம் எந்த இடத்திலும் சொல்லித் தரவில்லை. அண்ணன் முதல் நாளே என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்திருந்ததால், அது ஒரு குறை என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அன்று பெரியப்பா மெதுவான குரலில் இரண்டாம் தடவை கேட்டபோது, போலீஸ்காரர் விசாரிக்கிறார், வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் நான் பயந்தேன். அத்தனை பெரிய மனுஷர், தன் மகனை அனுப்பி வைக்க ஒரே ஒரு வார்த்தை கொடு என்று என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.