செம்பட்டையான கிடா

லாரி மோதிக் கால் முறிந்த நைனா எழுந்து நடந்தால் எல்லையம்மனுக்குக் கறுப்புக் கிடா வெட்டுவதாக வீட்டில் வேண்டிக்கொண்டார்கள். ஒரு மயிர்கூட வேறு நிறமாக இருக்கக் கூடாது. நைனா நடந்தார். குட்டியாக வாங்கி வந்த கிடாவை வளர்த்தது நான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்தக் கோடையில் கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் கொல்லைகளில் பகல் முழுக்க அதோடுதான் திரிந்தேன். ஆடியில் வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்தும் அதன் மேல் உயிரையே வைத்திருந்தேன்.

வைகாசிக் கடைசியில் அதன் முதுகு செம்பட்டையாகிவிட்டது. நைனாவின் அக்கா, என் அத்தை, பார்த்ததும் பதறினாள்.

"இன்னாடி இது, துருப்புடிச்சாப்ல? தீட்டோட தொட்டியா?"

எனக்குக் காரணம் தெரியும். குளிர்நாட்டு முயலின் உடம்பு பகல் குறைவதை உணர்ந்ததும், பழைய முடி உதிர்ந்து வெள்ளை முடி முளைக்கும் என்று படித்திருந்தேன். என் கிடாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. வெயில் அதன் பழைய முடியை வெளுத்துவிட்டது, அவ்வளவுதான். முடியை விலக்கிப் பார்த்தால் அடியில் கறுப்பு. வெயில் படாத வயிறும் கறுப்பு. மழைக்காலத்தில் புது முடி வந்தால் பழையபடி ஆகிவிடும். இதைச் சொன்னால் என் மேல் பழி இல்லை, ஆனால் பிறவிக் கறுப்புதானே என்று ஒப்புக்கொள்வார்கள், கிடா ஆடியைத் தாண்டாது.

"ஆங், தொட்டேன்," என்றேன். "மாசா மாசம் தொட்டேன். பக்கத்துலயே படுத்துகினும் இருந்தேன். இப்ப இன்னா பண்ணணுங்கற?"

அத்தை அறைந்தாள். நைனா பல நாள் என்னோடு பேசவில்லை. அழுகை வந்தது, அவர்கள் எதிரில் அழவில்லை. தீட்டு தீட்டு என்று எத்தனை தடவை என்னை ஒதுக்கியிருப்பார்கள்! ஒரு தடவையாவது அது எனக்கு உதவட்டுமே என்று வீம்பாக இருந்தேன். அம்மனுக்கு வேறு கிடா போனது. அதையும் காப்பாற்ற என்னால் முடியவில்லை.

ஐப்பசி மழையில் என் கிடா கரியாகக் கறுத்தது. அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"தீட்டு போயிடுச்சு தம்பி. அம்மனுக்குன்னு நேந்துவுட்டதாச்சே, அடுத்த ஆடிக்கு இதையும் வெட்டிடலாம்," என்றாள் நைனாவிடம்.

அன்று நான் வீட்டுக்குத் தூரம். பின்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து, இருவரும் பார்க்கப் பார்க்க முற்றத்தைக் கடந்து, கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கும் தொட்டுட்டேன், நைனா."