பழகிப்போன சாயங்காலங்கள்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் ‘கல்யாண வீடு’. ஆராய்ச்சி மாணவர்கள் என்றாலே முட்டி வெளுத்த ஜீன்ஸும் கசங்கிய டி-ஷர்ட்டும்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட இடத்தில், அவள் மட்டும் மடிப்புக் கலையாத சட்டையும் அதற்குத் தோதான காதணியுமாக வருவாள். எப்படியும் மேலே வெள்ளைக் கோட்டைப் போட்டு மூடப்போகிறாள். “யாரு கல்யாணத்துக்குக் கிளம்பிட்ட?” என்று பக்கத்து மேஜைக்காரன் முதல் வாரமே கேட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது.

சட்டையைத் தேய்த்துக் கொடுப்பது அவள் கணவன். நகரப் பேருந்து ஓட்டுநர். தன் சீருடையைத் தேய்க்கிற கையோடு அவளுடையதையும் தேய்த்து, அவள் எழுவதற்கு முன்பே நாற்காலியில் போட்டுவிட்டு முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவான். மத்தியானம் திரும்பினால் சமையல், ஒரு குட்டித் தூக்கம். பொழுது சாயும் நேரத்தில் அவள் ஆய்வகத்தில் தன் மேஜை விளக்கை அணைத்துவிட்டு எழுந்துவிடுவாள். மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். “எப்படி உன்னால மட்டும் முடியுது?” என்று கேட்டால், “வீட்டுல ஒருத்தர் சாப்பிடாம உட்கார்ந்திருப்பாரு” என்பாள்.

அவள் வேலை, புற்றுநோய்ச் செல்களைச் சின்னத் தட்டுகளில் வளர்த்து அவற்றின் மேல் மருந்தைச் சோதிப்பது. செல்களுக்கு விடாமல் சத்துநீர் மாற்ற வேண்டும், கதகதப்பான பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும். இதைக் கேட்ட நாளிலிருந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவன் கேட்பான்.

“உன் பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

“சாப்பிட்டுச்சுங்க. ஒண்ணு மட்டும் முரண்டு பிடிக்குது.”

“அது அம்மா மாதிரி.”

சொந்தப் பிள்ளை என்பதை அவள் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பேச்சு பெரும்பாலும் அவளுடையது. தலையாட்டியது அவன்.

நான்காம் வருடம் அந்தப் பெட்டிக்குள் பூஞ்சை புகுந்தது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் தட்டுகள் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. வருடக்கணக்கான உழைப்பை அவளே பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதே சமயம் வேறொரு நாட்டில் வேறொரு குழு இதே மருந்தைச் சோதிக்கிறது என்ற செய்தியும் வந்தது. பேராசிரியர் கெட்டவர் இல்லை. அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

“கொஞ்ச காலம் பல்லைக் கடிச்சுக்கம்மா. அவங்க முந்திக்கிட்டா நாம எழுதறதுக்கு ஒண்ணுமே இருக்காது.”

வீட்டுக்கு வந்து சொன்னாள். கணவன் யோசிக்கக்கூட இல்லை. “படிப்புதானே முக்கியம். நான் எங்க ஓடிப்போகப் போறேன்?”

முதலில் அவனே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆய்வகத்து வாசலுக்கு வந்தான். வெளியே மரத்தடி பெஞ்சில் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அவள், “இதோ வந்துட்டேன், நீங்க ஆரம்பிங்க” என்று போனில் சொல்லத் தொடங்கினாள். அந்த ‘இதோ’ நீண்டது. பிறகு அவன் டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு அதுவும் நின்றது. நின்றதை அவள் கவனிக்கவில்லை, பிஸ்கட்டிலேயே பொழுது ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளும் செல்களுக்கே போயின. கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கல்யாண வீடு என்று கூப்பிடவில்லை.

கடைசியில் ஆய்விதழ் ஒன்றில் அவர்கள் கட்டுரை ஏற்கப்பட்டது. அந்த வெளிநாட்டுக் குழுவை முந்திவிட்டார்கள். அன்று வெயில் தாழ்வதற்குள் அவள் கேக் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். கணவன் வாசலில் சீருடையில் நின்று ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“இப்பவா டியூட்டி?”

“சாயங்கால ஷிப்டு வாங்கிக்கிட்டேன். ரொம்ப நாளாச்சே. சொன்னேனே.”

சொல்லியிருப்பான். அவள் எதையோ எண்ணிக்கொண்டே “ம்” கொட்டியிருப்பாள்.

“எனக்குப் பேப்பர் வந்துடுச்சுங்க. இனிமே நேரத்துக்கு வந்துடுவேன்.”

அவன் நிமிர்ந்து சிரித்தான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான், அதில் சந்தேகமில்லை. “நல்லதும்மா. கேக்கை மூடி வை, வந்து சாப்பிடறேன்” என்று சொல்லிவிட்டுப் பேருந்து எடுக்கப் போனான்.

காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். இடம் காலியில்லை என்றான். காலியான பிறகும் அவன் கேட்கவில்லை. அது தெரிந்த அன்று அவள் சமையலறையில் அவனுக்கு எதிரே போய் நின்றாள்.

“என் மேல கோபமா?”

“கோபம் இருந்தா நல்லாயிருக்கும். சண்டை போட்டுத் தீர்த்துக்கலாம்.” தட்டைக் கழுவிக்கொண்டே பேசினான். “தினமும் வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் தாங்க முடியல. ஷிப்டை மாத்தினேன். பஸ்ஸுல நாலு பேர் ஏறுவான், இறங்குவான், பொழுது போயிடும். நீ இல்லாம இருக்கப் பழகிட்டேன்மா. மறுபடி காத்திருக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“இனிமே காத்திருக்க வேணாம். நான்தான் வந்துட்டேனே.”

“அடுத்தது தீசிஸ்னு சொல்லுவ. அப்புறம் வேலைம்ப. தப்பே இல்ல, நீ அப்படித்தான் வரணும். ஆனா எனக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. அதைத் திரும்பத் திரும்பக் கேக்க வெக்கமா இருக்கு.”

அவன் கழுவிய தட்டை வாங்கி அவள் துடைத்து வைத்தாள். அவன் கணித்ததில் ஒரு வார்த்தைகூடப் பிசகில்லை.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் குரல் உயரவில்லை. கொஞ்ச நாளில் அவன் அக்கா வீட்டுக்கு அருகே ஒரு அறை பார்த்துக்கொண்டான். மிச்சச் சாமான்களை எடுக்க நாத்தனார்தான் வந்தாள். துணிகளை மடித்துப் பையில் வைத்தவள் பாதியில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்க ரெண்டு பேர்ல யாரைத் திட்டறதுன்னே தெரியலடி. ஒருத்தராவது கெட்டவங்களா இருக்கக் கூடாதா?”

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். பிறகு நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு நன்றாக நடந்தது. ஒரு கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை. தேர்வாளர்கள் கை குலுக்கினார்கள், பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ சேர்த்துக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரர் வரலியாம்மா?” என்று கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது.

“டியூட்டி சார். லீவு கிடைக்கல.”

அன்று அவனுக்கு வார விடுமுறை என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் நிச்சயம் வந்திருப்பான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டியிருப்பான். அதைத் தாங்க முடியாது என்றுதான் அவள் தேதியைச் சொல்லவே இல்லை.

மாணவர்கள் பலகாரத் தட்டைச் சுற்றிக் கூடினார்கள். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அவள் வெளியே போனாள். வெகுநேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, எல்லோருக்கும் தானே பரிமாறினாள்.